வடிகட்டி ஒரு பரிகாரம் அன்று

இந்தியக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் பலவற்றில் துறை வாயிலிலோ அலுவலக முன்னறையிலோ ஒரு கண்ணாடித் தொட்டி வைப்பது வழக்கமாக இருக்கிறது. அதில் ஓர் ஆஸ்கர் மீன் இருப்பதும் அரிதன்று. இரண்டடித் தொட்டிக்குள் திரும்பவும் இடமின்றி நிற்கும் அம்மீனைக் குறித்துப் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்புகின்றனர். எந்த வடிகட்டி வாங்கலாம்? துணைக்கு எந்த மீனை விடலாம்? இரண்டும் அக்கறையில் பிறந்த வினாக்கள் போலத் தோன்றும். ஆயின் இவை கேட்கப்படும் நேரம் கவனிக்கத்தக்கது. மீனை வாங்கிய பின்னரே, நீர் கலங்கி நாற்றமெடுத்த பின்னரே இவை எழுகின்றன. அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இந்த மீனை இந்த இடத்தில், இந்த ஆட்களைக் கொண்டு வளர்க்க இயலுமா? அந்த வினாவைத் தவிர்த்தவர்களுக்கு வடிகட்டியும் துணைமீனும் பரிகாரங்களாகப் பயன்படுகின்றன. இரண்டுமே பலிக்காத பரிகாரங்கள்.

சென்னைக் கொளத்தூரிலும் கொல்கத்தாவின் கலீப் தெருவிலும் மும்பையின் குர்லாவிலும் ஆஸ்கர் குஞ்சுகள் இரண்டு அங்குல நீளத்தில் விற்கப்படுகின்றன. அமேசான் ஆற்றுப்படுகையைத் தாயகமாகக் கொண்ட இந்த சிக்லிட் இனம், தொட்டியில் நன்கு பேணப்பட்டால் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். இதைச் சொல்லாமல் மறைக்க விற்பனையிடங்களில் ஒரு வாக்கியம் வழங்குகிறது: “தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்.” இவ்வாக்கியம் தவறு. சிறிய தொட்டியில் வளர்ச்சி குன்றுவதற்குக் காரணம் மீனின் அறிவார்ந்த தகவமைப்பு அன்று. கழிவு மிகுந்த நீரும், இயக்கத்திற்கு இடமின்மையும், இடைவிடாத அழுத்தமும் ஆகும். குன்றிய வளர்ச்சி ஒரு நோய்க்குறி. அதனை விற்பனையாளர் உத்தரவாதமாக மாற்றிவிடுகிறார்.

1831இல் லூயி அகாசி இம்மீனை முதன்முதலாக விவரித்தபோது, அதனைக் கடல்மீன் எனக் கருதி லோபோடெஸ் என்னும் பேரினத்தில் சேர்த்துவிட்டார். பிரேசிலுக்கே அப்போது சென்றிராத ஒருவர், பிறர் கொண்டுவந்த மாதிரிகளைப் பார்த்துச் செய்த பிழை அது, மன்னிக்கத்தக்கது. நாள்தோறும் கண்ணாடிக்கு வெளியே நின்று அதே மீனைப் பார்ப்பவர்கள், அது ஓரடி அகலத் தொட்டிக்குரிய மீன் என்று நம்புவதற்கு அத்தகைய சாக்கு எதுவும் இல்லை. ஓரடி அகலம் என்பது 30 சென்டிமீட்டர். முழு வளர்ச்சியடைந்த ஆஸ்கரின் நீளமும் ஏறத்தாழ அதுவே. தன் உடல்நீளமே அகலமாக உள்ள இடத்தில் அது வளைந்துதான் திரும்ப வேண்டும்.

இனி வடிகட்டி. இச்சொல்லே குழப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணம். தேநீர் வடிகட்டி, சல்லடை, பன்னாடை என்ற வரிசையில் வைத்தே இச்சொல்லைத் தமிழ் பேசுவோர் விளங்கிக்கொள்கின்றனர். அழுக்கு ஒருபுறம் தங்கும், தூய நீர் மறுபுறம் வெளிவரும் என்ற படிமம் அதனுள் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஃபில்டர்’ என்ற சொல்லிலும் அதே படிமம்தான். ஆனால் மீன்தொட்டியில் நீரைத் தெளிவாக்குவது அக்கருவியின் சிறிய பணியே. மீன் தன் செவுள்கள் வழியாக வெளியேற்றும் அம்மோனியா நீரில் கரைந்துவிடுவது. எந்தப் பஞ்சும் அதனைத் தடுத்து நிறுத்தாது. வடிகட்டியின் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்களே அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் எனப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. மீன்தொட்டிகளில் அதனைப் பெரிதும் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது 1990களின் இறுதியில் தெளிவாயிற்று. இரு படிகளையும் ஒரே நுண்ணுயிர் செய்ய இயலும் என 2015இல் வெளிவந்த கண்டுபிடிப்பில், ஒரு சான்று மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தது. ஆகவே வடிகட்டி என்பது சல்லடை அன்று; நுண்ணுயிர்கள் வாழும் ஒரு குடியிருப்பு. அக்குடியிருப்பு நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். திங்கட்கிழமை தொட்டியும் வடிகட்டியும் வாங்கிச் செவ்வாய்க்கிழமை மீனை விடுபவர், ஆளில்லாக் குடியிருப்பில் வேலையை ஒப்படைக்கிறார்.

அதனினும் முக்கியமானது வேறொன்று. இக்குடியிருப்பு கழிவை அழிப்பதில்லை. நச்சு மிகுந்த வடிவத்திலிருந்து நச்சுக் குறைந்த வடிவத்திற்கு மாற்றுகிறது. கடைசியில் எஞ்சும் நைட்ரேட்டு நீரிலேயே சேர்கிறது. கணக்கு எளியது. வளர்ந்த ஆஸ்கர் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் குருணைத் தீவனம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 40 விழுக்காடு புரதம் எனில், புரதம் 2 கிராம்; புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால் ஏறத்தாழ 0.32 கிராம் நைட்ரஜன். அதில் ஐந்தில் மூன்று பங்கு கரைந்த கழிவாக வெளிவருவதாகக் கொண்டால், முடிவில் உண்டாகும் நைட்ரேட்டு சுமார் 0.85 கிராம். 50 லிட்டர் நீர் கொள்ளும் இரண்டடித் தொட்டியில் இது நாளொன்றுக்கு லிட்டருக்கு 17 மில்லிகிராம். வாரத்திற்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம். வாரந்தோறும் பாதி நீரைத் தவறாமல் மாற்றினாலும், சில வாரங்களில் அளவு நிலைபெறும்போது நீர் மாற்றுவதற்கு முன் 240, மாற்றிய பின் 120 என்ற நிலையே நீடிக்கும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட, 250 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியில் அதே மீன், அதே தீவனம், அதே நீர்மாற்றம் என்றால் 48, 24 என்ற எண்கள் கிடைக்கும். மீன் வளர்ப்போர் பொதுவாகக் கொள்ளும் எல்லை 40க்குள். இக்கணக்கில் வடிகட்டியின் விலையோ நிறுவனப் பெயரோ எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க் கருவியானாலும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியானாலும் விடை மாறாது. விடையை மாற்றுபவை நீரின் கொள்ளளவும், வாளி தூக்கும் கையும் மட்டுமே.

நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் நுண்ணுயிர்களும் உண்டே, தாவரங்களும் அதனை உறிஞ்சுமே என்ற மறுப்பு எழலாம். உண்மைதான். ஆனால் முதலாவது நிகழ ஆக்சிசன் அற்ற சூழல் வேண்டும்; நீர் விரைந்தோடும் வழக்கமான வடிகட்டிகள் அதற்கென அமைந்தவையல்ல. இரண்டாவதைப் பொறுத்தவரை, மணலைத் தோண்டிச் செடிகளைப் பிடுங்கி எறிவது ஆஸ்கரின் இயல்பு. தொட்டியின் மேல்விளிம்பில் வேர் மட்டும் நீரில் படுமாறு வைக்கப்படும் மணிபிளாண்ட் ஓரளவு உதவும். ஆனால் அது துணைச்செயலே, நீர்மாற்றத்திற்கு மாற்றாகாது.

இதனால் வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பது பொருளற்றது என்றாகாது. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சுழியத்தில் வைத்திருக்க அது கட்டாயம் வேண்டும். அதனை எவ்வாறு தேர்வது என்பதிலும் பிழைகள் மலிந்துள்ளன. பெட்டியின் மீது அச்சிடப்படும் ‘மணிக்கு இத்தனை லிட்டர்’ என்ற எண், பெரும்பாலும் உள்ளே பஞ்சும் வளையங்களும் இல்லாமல், நீரை மேலேற்றும் சுமையுமின்றி அளக்கப்படுவது. பயன்பாட்டில் அது வெகுவாகக் குறையும். பார்க்க வேண்டியது நுண்ணுயிர் தங்கும் ஊடகத்தின் கொள்ளளவை. பெரிய சிக்லிட்டுக்கு ஒரு பெரிய கருவியைவிட இரண்டு நடுத்தரக் கருவிகள் மேல்; ஒன்று பழுதானாலும் மற்றொன்றில் நுண்ணுயிர்கள் எஞ்சும். தொட்டிக்குக் கீழே தனித் தொட்டியாக அமையும் சம்ப், ஊடகத்திற்கு மிகுந்த இடம் தருவதோடு மொத்த நீரின் அளவையும் கூட்டுகிறது. சிந்தும் தீவனத்தையும் திடக்கழிவையும் முதலிலேயே பிடிக்கும் முன்பஞ்சு வாரத்திற்கு ஒருமுறையேனும் அலசப்பட வேண்டும். நுண்ணுயிர் ஊடகத்தைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவக் கூடாது; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். தொட்டியில் புதிதாகச் சேர்க்கும் குழாய்நீரிலும் குளோரின் முறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கல்வி நிறுவனங்களுக்கே உரிய ஆபத்தொன்றும் உண்டு. மாலையில் துறையைப் பூட்டும்போது மின்சாரத்தை முழுதும் நிறுத்திவிடுவது பல இடங்களில் நல்ல சிக்கனப் பழக்கமாகக் கருதப்படுகிறது. வடிகட்டியின் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிசன் வேண்டும். மூடிய கேனிஸ்டர் வடிகட்டி இரவு முழுவதும் நின்றுபோனால் உள்ளிருக்கும் ஆக்சிசன் தீர்ந்து, நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். காலையில் இயக்கியதும் அந்த அழுகல்நீர் தொட்டிக்குள் பாயும். மின்தடை மிகுந்த ஊர்களிலும் இதே நிலை. பேட்டரியில் இயங்கும் சிறு காற்றுப்பம்பும் ஒரு பஞ்சு வடிகட்டியும் இந்த இடரைப் பெரிதும் தணிக்கும். விலையுயர்ந்த கருவிக்குச் செலவிடும் நிறுவனம் இச்சிறு செலவை எண்ணிப் பார்ப்பதில்லை. காரணம், முன்னது கண்ணுக்குத் தெரியும் கொள்முதல். பின்னது தினமும் யாரோ ஒருவர் நினைவில் வைக்க வேண்டிய வேலை.

நாட்டின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமும் காரத்தன்மையும் கொண்டது என்பதும் இங்கே சேர்க்கத்தக்கது. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். அயனியாகாத வடிவமே மீனுக்குக் கொடிய நஞ்சு. 28 பாகை வெப்பநிலையில் பிஎச் 7 எனில் மொத்த அம்மோனியாவில் அதன் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு; பிஎச் 8 எனில் நூற்றில் ஆறுக்கும் மேல். ஒரே அளவு கழிவு, ஓரூரில் பொறுக்கத்தக்கதாகவும் மற்றோரூரில் உயிர்க்கொல்லியாகவும் அமைவது இதனால்தான். நீரைச் சோதிக்காமல் கருவியை மட்டும் பரிந்துரைக்கும் அறிவுரை எதற்கும் உதவாது.

அடுத்தது துணைமீன். “தனியாக இருக்கிறதே, பாவம்” என்ற இரக்கத்தில்தான் இப்பேச்சு தொடங்குகிறது. தனிமை என்னும் மனித உணர்வை மீனின் மீது ஏற்றிப் பார்ப்பவர், அந்த மீனுக்கு நிலையாக உள்ள வேறொன்றை மறந்துவிடுகிறார்: இடவுரிமை. இணைசேர்ந்து முட்டையிடும் காலத்தில் சிக்லிட்டுகள் தம் எல்லைக்குள் எதனையும் விடா. ஆற்றில் துரத்தப்படும் மீன் விலகி ஓடிவிடும். தொட்டியில் நான்கடிக்கு அப்பால் கண்ணாடிதான் இருக்கிறது. தப்பிக்க இயலாத இடத்தில் அமையும் உறவுக்குத் துணை என்று பெயரிடுவது சொல்லைப் பிழைபடப் பயன்படுத்துவதாகும்.

சந்தையில் துணைமீன்களாகத் தரப்படுபவற்றின் பெயர்களே ஓர் ஏமாற்று அகராதி. ‘ஷார்க்’ எனக் குட்டியாக விற்கப்படும் மீன்களுள் ஒன்று சுறாவே அன்று. ஆந்திரத்தில் உணவுக்காகப் பெருமளவில் வளர்க்கப்படும் பங்காசியஸ் கெளுத்தி அது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. ‘பேரட்’ என விற்கப்படுவது வாய் சரியாக மூடாத குறையுடன் உருவாக்கப்பட்ட கலப்பினம். தீவனத்திற்கும் இடத்திற்கும் ஆஸ்கருடன் போட்டியிட இயலாதது. ‘கிளீனர்’ எனத் தரப்படும் சக்கர் மீன், தொட்டியைத் துப்புரவு செய்யும் ஊழியராக எண்ணப்படுகிறது. அது பாசியைச் சுரண்டித் தின்னும். தின்றதற்கேற்பக் கழிவும் இடும். 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். நிரம்பிய தொட்டியில் கழிவைக் குறைக்கக் கழிவிடும் இன்னொரு பெரிய உயிரைச் சேர்ப்பது எவ்வகைத் தர்க்கம்? கோரிடோரஸ் போன்ற சிறு கெளுத்திகளை விட்டால் ஆஸ்கர் அவற்றை விழுங்க முயலும். அவற்றின் முட்கள் தொண்டையில் சிக்கினால் இரண்டும் சாகும். தீனியாக விடப்படும் பொன்மீன்களோ நோய்களைக் கொண்டுவருவதோடு, தையமின் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதியையும் உடலில் கொண்டவை.

உடன்வாழ்வு என்பதற்கு உண்மையான எடுத்துக்காட்டு வேண்டுவோர் அமேசான்வரை செல்ல வேண்டியதில்லை. இந்தியாவுக்கே உரிய சிக்லிட் இனங்கள் மூன்றே. அவற்றுள் கேரளத்தில் கரிமீன் எனப்படும் பச்சை குரோமைடும், கைக்குள் அடங்கும் ஆரஞ்சு குரோமைடும் ஒரே கழிமுகங்களில் வாழ்பவை. சிறியது பெரியதன் உடலைக் கொத்தித் துப்புரவு செய்யும் உறவு 1972இலேயே ஆய்விதழில் பதிவாகியுள்ளது. ஒரே நீர்நிலையில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததால் அமைந்த உறவு அது. கடையில் ஒரே வலையில் அள்ளித் தருவதால் அத்தகைய உறவு உண்டாகாது. ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட தொட்டி உடையவர், ஆஸ்கரின் வாய்க்குள் அடங்காத அளவு வளர்ந்த சில்வர் டாலர் மீன்கள் ஆறேழினை உடன் வைக்கலாம்; அவையும் தென்னமெரிக்க நீர்களின் உயிர்களே. அதனினும் சிறிய தொட்டிக்கு ஒரே விடை: துணை வேண்டாம்.

“எங்கள் துறை மீன் அதே தொட்டியில் ஏழாண்டுகளாக உயிரோடுதான் இருக்கிறது” என்பது இவ்விவாதத்தில் தவறாது வரும் பதில். ஆஸ்கர் ஆக்சிசன் குறைபாட்டைத் தாங்குவதில் பெயர்பெற்ற மீன். அமேசானின் வெள்ளச் சமவெளிகளில் நீர் தேங்கி மூச்சு முட்டும் இரவுகளைக் கடந்துவர அதன் உடல் தன் ஆற்றல் செலவையே குறைத்துக்கொள்ளும். அத்திறன் உடலியல் ஆய்வுகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இடர்க்காலத்தைக் கடக்க அமைந்த திறனை வாழ்நாள் முழுவதற்குமான வாழ்நிலையாக்கிவிட்டு, அதனையே நலத்தின் சான்றாகக் காட்டுவது அறிவுலகத்தில் இருப்போருக்குத் தகாது. தலையில் குழிகள் விழும் நோய், சுருங்கிய துடுப்புகள், மூலையில் அசையாது கிடத்தல் ஆகியவை அச்சான்றுக்கு எதிர்ச்சான்றுகள். குழிநோய்க்குக் காரணம் ஒன்றன்று. ஒட்டுண்ணி, ஊட்டக்குறை, கெட்ட நீர் எனப் பலவும் பேசப்படுகின்றன. அவற்றுள் கெட்ட நீரை நீக்குவது மட்டுமேனும் பொறுப்பாளரின் கையில் முழுமையாக உள்ளது.

“மீனைச் சமைத்து உண்ணும் நாட்டில் இதற்கு இவ்வளவு பேச்சா?” என்பது இன்னொரு பதில். உண்பதற்குக் கொல்வதும், அழகுக்காகப் பத்தாண்டு வாட்டுவதும் ஒரே செயல் அல்ல. முன்னதை ஏற்பவர் பின்னதையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தொட்டியை மீறி வளர்ந்த மீன் இறுதியில் எங்கே போகிறது? “வளாகக் குளத்தில் விட்டுவிட்டோம்” என்று பெருமையாகவே சொல்வோர் உளர். 2018 கேரள வெள்ளத்திற்குப் பின் அரப்பைமா போன்ற தென்னமெரிக்கப் பெருமீன்கள் அம்மாநில ஆறுகளில் பிடிபட்டன. 2020இல் வாராணசி அருகே கங்கையில் சக்கர் மீன் கிடைத்தது. இவை தாமாகக் கடல் கடந்து வந்தவையல்ல. வாங்குபவரின் இரக்கத்தில் தொடங்கி, விடுவிப்பவரின் இரக்கத்தில் முடியும் இச்சங்கிலியின் விலையை உள்நாட்டு மீன்களும், அவற்றை நம்பி வாழும் மீனவரும் செலுத்துகின்றனர்.

சட்டம் இதில் ஊமையன்று. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத எவ்வுயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. போதிய இயக்கத்திற்கு இடந்தராத கூண்டிலோ கொள்கலத்திலோ ஒரு விலங்கை அடைத்து வைப்பதை அதன் 11ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. முதற்குற்றத்திற்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரை. ஒரு தீவனப் புட்டியின் விலையைவிடக் குறைவு. அதே சட்டத்தின்கீழ் அமைந்த குழு, மீன்களைக் கொண்டு செய்யும் பரிசோதனைகளுக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை 2021இல் வெளியிட்டது. இதன் விளைவாகத் தோன்றும் முரணைக் கல்வியாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தினுள் இருக்கும் வரிக்குதிரை மீனுக்கு நீர்த்தரம், எண்ணிக்கை, வலிக்குறைப்பு ஆகியவற்றைப் பற்றி நெறிமுறைக் குழுவின் முன் விடையளிக்க வேண்டும். அதே ஆய்வகத்தின் வாயிலில் இருக்கும் ஆஸ்கரைப் பற்றி எவரும் எவருக்கும் விடையளிக்க வேண்டியதில்லை. முன்னது அறிவுக்காகத் துன்புறுவதால் பதிவேடு. பின்னது அலங்காரத்திற்காகத் துன்புறுவதால் பதிவேடு இல்லை. அறநெறி என்பது படிவம் நிரப்பும் இடத்தில் மட்டும் தொடங்கி முடிவது என்றால், அதற்கு அறநெறி என்ற பெயர் பொருந்தாது.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. ஒரு பெரிய சிக்லிட்டை வைத்திருக்கும் துறை, முதலில் தொட்டியின் கொள்ளளவை அளக்கட்டும். 250 லிட்டருக்குக் குறைவெனில், பெரிய தொட்டி வாங்கட்டும். இயலாதெனில், போதிய இடமுள்ளவரிடம் மீனை ஒப்படைக்கட்டும். குளத்திலோ ஆற்றிலோ விடுதல் கூடாது. வாரந்தோறும் நீர் மாற்றுபவர் யார், பருவ விடுமுறையில் அவருக்கு மாற்று யார் என்ற இரு பெயர்களைத் தொட்டியின் மீது எழுதி ஒட்டட்டும். இப்பணி துப்புரவுப் பணியாளரின் தலையில் ஊதியமின்றி ஏற்றப்படுவதாக இருக்கலாகாது. அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு, பிஎச் ஆகியவற்றின் அளவுகள் மாதமிருமுறை அருகில் குறித்து வைக்கப்படட்டும்; வேதியியல் துறையும் விலங்கியல் துறையும் உள்ள வளாகத்தில் இதற்கு ஆள் இல்லை என்று சொல்வது நகைப்புக்குரியது. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு, ஆய்வகக் கதவுக்கு வெளியே உள்ள தொட்டிகளையும் ஆண்டுக்கொருமுறை பார்வையிடட்டும்.

ஒட்டுவதற்கு அந்த இரு பெயர்கள் கிடைக்கவில்லை என்றால், எந்த வடிகட்டி, எந்தத் துணைமீன் என்ற ஆராய்ச்சி தேவையே இல்லை. அந்தத் துறை அம்மீனை வைத்திருக்கும் தகுதியை இழந்துவிட்டது என்பதே பொருள்.